ஓர் இரவு தங்க வருகிறவருக்கு எங்கே இடம்? கேம்பிங் திட்டமிடல் பற்றி ஓர் எளிய அறிமுகம்

கடற்கரையை ஒட்டி ஒரு பொது மைதானம். பகலில் வருகிறவர்கள் குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். ஒரு கோடையில் நாலைந்து வேன்கள் மட்டும் கிளம்பாமல் இரவும் அங்கேயே நிற்கின்றன. யாருக்கும் தொந்தரவில்லை. பயணிகள் பார்க்கும் ஏதோ ஒரு செயலியில் அந்த இடம் ஏறுகிறது: இலவசம், கடல் எதிரிலேயே, யாரும் கேட்பதில்லை. அடுத்த கோடையில் நாற்பது வேன், நடுநடுவே கூடாரங்கள். குப்பைத் தொட்டி நிரம்பி வழிகிறது. புதர்ப் பக்கம் கால் வைக்க முடியவில்லை. காலையில் நீந்த வரும் உள்ளூர்க்காரருக்கு வண்டி நிறுத்த இடமில்லை. மனு போகிறது. உள்ளாட்சி அமைப்பு 'கேம்பிங் கூடாது' என்று பலகை நடுகிறது. நாற்பது வேனும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி அடுத்த கடற்கரைக்கு நகர்கின்றன. அங்கே கழிப்பறையே கிடையாது.

இது கற்பனை ஊர்தான். ஆனால் சுற்றுலாவுக்குப் பேர்போன ஊர்களில் வேலை பார்த்த எந்த அதிகாரியும் இதை உடனே அடையாளம் கண்டுகொள்வார். பலகை நட்டதில் தவறில்லை. அதில் பாதிச் செய்திதான் இருந்தது. 'இங்கே கூடாது' என்று சொல்லும் ஊர் 'அங்கே தங்கலாம்' என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். கேம்பிங் திட்டமிடல் என்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது பாதிக்குரிய வேலை.

பகலில் வந்து போகிறவரும் இரவு தங்குகிறவரும் ஒரே கணக்கில் வர மாட்டார்கள். பகல்காரருக்குக் கழிப்பறை இல்லையென்றால் ஊருக்குள் வண்டியைத் திருப்புவார். இரவு தங்குகிறவர் அங்கேயே சமைப்பார், பாத்திரம் கழுவுவார், பல் தேய்ப்பார், விடிகாலையில் எழுந்து கழிப்பறை தேடுவார். சில சமயம் நெருப்பு மூட்டுவார். மழை கொட்டினாலும் மரம் முறிந்தாலும் தூக்கத்தில் இருப்பார். ஆகவே ஓர் இடத்தில் இரவு தங்கலாம் என்று அனுமதித்த கணமே தண்ணீர், கழிவு, குப்பை, நெருப்பு, உயிர்ப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு யாராவது பொறுப்பேற்றாக வேண்டும்.

வருகிறவர்களிலும் ரகம் உண்டு. முதுகுப்பையோடு மலையேறி ஒரே ஓர் இரவு சிறு கூடாரத்தில் தூங்கிவிட்டுப் போகிறவர் ஒருவர். காரை ஏரிக்கரையில் நிறுத்தி, பெரிய கூடாரமும் பாட்டுப்பெட்டியும் இறக்கி வார இறுதி முழுக்க இருப்பவர்கள் இன்னொரு கூட்டம். உள்ளேயே கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி எல்லாம் கொண்ட கேம்பர்வேன்காரர் மூன்றாமவர். படுக்கை மட்டும் போட்ட சாதாரண வேனில் ஊர் சுற்றும் இளைஞர் நான்காமவர். வெளிப்பார்வைக்கு அந்த வேனும் கேம்பர்வேன் மாதிரியே இருக்கும், ஆனால் அதில் கழிப்பறை இருக்காது. இந்த நால்வருக்கும் ஒரே விதி எழுதினால் ஒருவருக்கும் பொருந்தாது. 'இந்த இடத்துக்கு யார் வருகிறார்கள்?' என்பதைச் சில இரவுகளாவது நேரில் போய் எண்ணிப் பார்க்காமல் திட்டம் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அலுவலகத்தில் உட்கார்ந்து மனுக்களை மட்டும் படித்தால் எரிச்சலூட்டியவர்கள்தான் கண்ணில் படுவார்கள். சத்தமில்லாமல் வந்து சுத்தமாகக் கிளம்பிப் போனவர்கள் எந்த மனுவிலும் இருக்க மாட்டார்கள்.

சட்டம் எங்கிருந்து தொடங்குகிறது

நாட்டுக்கு நாடு தொடக்கப் புள்ளி வேறு. சில நாடுகளில் 'தடை இல்லையென்றால் தங்கலாம்' என்பது அடிப்படை. வேறு சிலவற்றில் 'அனுமதி இருந்தால் மட்டுமே தங்கலாம்'. உள்ளாட்சியின் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

நார்வேயில் 1957ஆம் ஆண்டின் வெளிப்புற வாழ்வுச் சட்டப்படி, பயிரிடப்படாத திறந்தவெளியில் எவரும் கூடாரம் போடலாம். குடியிருக்கும் வீட்டிலிருந்து குறைந்தது 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பொதுவாக ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் இருக்க நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு கூடாரம் போடும் உரிமையைத் தருகிறது. ஆனால் அந்த உரிமை மோட்டார் வாகனம் இல்லாமல் நிலத்துக்குள் வருகிறவருக்குத்தான், மோட்டார் வாகனத்தில் தூங்குகிறவருக்குக் கிடையாது. ஐஸ்லாந்து நேர் எதிர்ப்பக்கம் போயிருக்கிறது. அங்கே வாகனத்திலோ இழுவை வண்டியிலோ இரவு தங்க வேண்டுமென்றால் ஒதுக்கப்பட்ட முகாம் தளத்துக்குத்தான் போக வேண்டும், இல்லையேல் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

உள்ளாட்சியின் கோணத்திலிருந்து கற்றுக்கொள்ள நியூசிலாந்தின் சட்டம் நல்ல பாடம். 2011 ஆகஸ்ட் கடைசியில், ரக்பி உலகக் கோப்பைக்குச் சில நாட்களுக்கு முன், 'ஃப்ரீடம் கேம்பிங் சட்டம்' வந்தது. முகாம் தளத்துக்கு வெளியே, பொது நிலத்தில் தங்குவதைப் பற்றிய சட்டம் இது. உள்ளாட்சிக்குச் சொந்தமான நிலத்தில் கேம்பிங் செய்யலாம் என்பதே 2011இல் இதன் அடிப்படை நிலை. கட்டுப்படுத்தவோ தடுக்கவோ விரும்பும் உள்ளாட்சி துணைவிதி இயற்ற வேண்டும். அதற்கும் மூன்றே காரணங்களைத்தான் சட்டம் ஏற்கிறது: அந்த இடத்தைக் காக்க, அங்கே வருகிறவர்களின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் காக்க, அந்த இடத்துக்குப் போய்வரும் வழியைக் காக்க. எந்த இடம் என்பதை வரைபடமாகவோ தெளிவான விவரிப்பாகவோ காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் எல்லைக்குள் இருக்கும் எல்லா இடத்திலும் ஒட்டுமொத்தமாகத் தடை போட உள்ளாட்சிக்கு அதிகாரம் இல்லை.

இந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எல்லா உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் தடை போட்டுவிட்டால் கூட்டம் எல்லைக்கு அப்பால் போகும், பிரச்சினை அடுத்த ஊருக்குப் பார்சல் ஆகும். சட்டம் அந்த வாசலை அடைத்துவிட்டது. ஒவ்வோர் ஊரும் தன் பங்குக்கு 'எங்கே' என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

காரணங்களை இடத்துக்கு இடம் எழுதி வைப்பது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துவிடக் கூடாது. நியூசிலாந்தின் உள்ளாட்சிகளில் ஒன்றான குயின்ஸ்டவுன் லேக்ஸ் மாவட்ட மன்றம் 2021இல் இயற்றிய துணைவிதியை அந்நாட்டு மோட்டார் கேரவன் சங்கம் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 2024இல் உயர் நீதிமன்றம் அந்தத் துணைவிதியை ரத்து செய்தது. மன்றம் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. உங்கள் ஊர்ச் சட்டம் வேறாக இருக்கலாம். ஆனாலும் 'இந்த மைதானத்தில் ஏன் தடை, பக்கத்து மைதானத்தில் ஏன் அனுமதி?' என்று கேட்டால் கோப்பிலிருந்து ஒரு படத்தையும் ஒரு காரணத்தையும் எடுத்துக் காட்ட முடிய வேண்டும்.

இடத் தேர்வு: முதலில் உயிர்

இடம் பார்க்கும்போது அழகு, பாதை வசதி, நகரத்துக்குப் பக்கம் என்றெல்லாம் பேசுவோம். முதல் கேள்வி வேறு: நள்ளிரவில் தூங்கிக்கொண்டிருக்கும் மனிதருக்கு இங்கே என்ன ஆகும்?

ஸ்பெயினின் பிரனீஸ் மலையடிவாரத்தில் பியெஸ்காஸ் என்ற சிற்றூர். அதன் அருகே லாஸ் நியெவெஸ் என்ற முகாம் தளம் இருந்தது. அராஸ் என்ற மலையோடை பள்ளத்தாக்கில் இறங்கி விரிகிற இடத்தில், விசிறி போலப் பரந்த சமதரையில் அது அமைந்திருந்தது. பார்க்க அருமையான இடம்: சமதளம், மரநிழல், மலைக்காட்சி. ஆனால் அந்தச் சமதளத்தை உண்டாக்கியதே ஓடைதான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வெள்ளத்தோடு கல்லும் மண்ணும் கொண்டுவந்து கொட்டிச் சேர்ந்த வண்டல் விசிறி அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓடையின் மேற்பகுதியில் வரிசையாகத் தடுப்பணைகள் கட்டி, கீழே ஒரு கால்வாய் வெட்டியிருந்தார்கள். அதனால் ஓடை அடங்கிவிட்டது போலத் தோன்றியது.

1996 ஆகஸ்ட் 7 மாலை மேற்பகுதியில் பேய்மழை. தடுப்பணைகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. அவற்றின் பின்னால் பல்லாண்டாகத் தேங்கியிருந்த மண்ணும் பாறையும் வெள்ளத்தோடு சேர்ந்து இறங்கின. கால்வாயால் தாங்க முடியவில்லை, ஓடை தன் பழைய வழியிலேயே பாய்ந்தது. 87 பேர் இறந்தார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 2005இல் நீதிமன்றம் நிர்வாகங்களைப் பொறுப்பாக்கி இழப்பீடு வழங்கச் சொன்னது. அந்த இடம் ஆபத்தானது என்று அனுமதி தருமுன்பே ஒரு பொறியாளர் எழுதியிருந்தார். அது கோப்போடு நின்றுவிட்டது.

இதற்கு ஒன்பது ஆண்டு முன்னால், 1987 ஜூலை 14 அன்று, பிரான்சின் ஆல்ப்ஸ் பகுதியில் லெ கிரான்-போர்னான் என்ற ஊரில் ஆற்றங்கரை முகாம் தளத்தை வெள்ளம் அடித்துப்போனது. அங்கே 23 உயிர்கள் போயின. 1978 ஜூலை 11 அன்று ஸ்பெயினின் கடற்கரையில் லோஸ் அல்ஃபாகெஸ் முகாம் தளத்தின் ஓரச் சாலையில் எரிவாயு ஏற்றிய டேங்கர் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அபாயம் தளத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்துச் சாலையில் என்ன ஓடுகிறது என்பதும் இடத் தேர்வில் சேர்த்திதான்.

ஆகவே ஓர் இடத்தை வரைபடத்தில் பச்சையாகத் தீட்டுமுன் அந்த ஊர் முதியவர்களிடமும் நீர்வளத் துறையிடமும் கேளுங்கள்: இங்கே எப்போதாவது தண்ணீர் வந்ததுண்டா? மேலே அணை, பாறைச் சரிவு, பட்டுப்போன மரங்கள் உண்டா? காட்டுத்தீ வந்தால் வெளியேற ஒரே பாதையா, இரண்டா? கைப்பேசி சமிக்ஞை கிடைக்காத இடமென்றால் எச்சரிக்கையை எப்படிச் சேர்ப்பது? கட்டடத்தில் தூங்குகிறவருக்குச் சுவரும் கூரையும் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும். கூடாரத்துணி எதையும் வாங்கித் தராது.

சேர்த்து வைப்பதா, பரப்பி விடுவதா

இயற்கைக்கு என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. இங்கே பொதுப்புத்திக்கு எதிரான ஓர் உண்மை இருக்கிறது. ஓர் இடத்தில் கூட்டம் இரட்டித்தால் சேதமும் இரட்டிக்கும் என்றுதான் நாம் நினைப்போம். புல்வெளியையும் காட்டுத்தரையையும் பல பத்தாண்டுகளாக அளந்த ஆய்வாளர்கள் கண்டது வேறு. யாரும் மிதிக்காத தரையில் முதல் சில இரவுகளிலேயே பெரும்பகுதிச் சேதம் நடந்துவிடுகிறது: செடி நசுங்குகிறது, மண் இறுகுகிறது. அதற்குப் பிறகு அதே இடத்தில் இன்னும் பலர் தங்கினாலும் கூடுதல் சேதம் குறைவு. மறுபக்கம், சில இரவுகளில் கெட்ட தரை தேற ஆண்டுக்கணக்கில் ஆகலாம்.

இதிலிருந்து உள்ளாட்சிக்குக் கிடைக்கும் பாடம் எளிது. நிறையப் பேர் வரும் இடத்தில் அவர்களைப் 'பரவலாகத் தங்குங்கள்' என்று சொல்லக் கூடாது. ஏற்கெனவே தேய்ந்த, தாங்கக்கூடிய, சரளைக்கல் போட்ட இடங்களில் சேர்த்து வைப்பதுதான் நல்லது. மிகச் சிலர் மட்டும் போகும் தொலைகாட்டில்தான் பரப்பிவிடும் வழி வேலை செய்யும். கூட்டமுள்ள ஏரிக்கரையில் பரப்பிவிட்டால் கரை முழுக்கப் புதுப்புதுத் திட்டுகளாகத் தேயும். தண்ணீரை ஒட்டிக் கூடாரம் போடும் ஆசை எல்லோருக்கும் இருக்கும். ஆனால் கரையோரம்தான் எளிதில் கெடும், விலங்குகள் நீர் குடிக்க வருவதும் அங்கேதான். அதனால் பல இடங்களில் நீர்நிலையிலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளித் தங்கச் சொல்கிறார்கள்.

ஸ்காட்லாந்தின் லோமண்ட் ஏரி - ட்ரோசக்ஸ் தேசியப் பூங்கா இதை நடைமுறையில் செய்து பார்த்தது. பெருநகரம் ஒன்றிலிருந்து எளிதில் போய்வரக்கூடிய ஏரிகள் அவை. கோடை வார இறுதிகளில் கரைகளில் எரிந்த மரங்களும் கைவிட்ட கூடாரங்களும் குவிந்தன. 2011இல் ஏரியின் கிழக்குக் கரைக்கும், 2017 மார்ச் 1 முதல் மற்ற நெரிசலான கரைகளுக்கும் துணைவிதி வந்தது. மார்ச் முதல் செப்டம்பர் வரை மட்டும், பூங்காவின் பரப்பில் சுமார் 4 சதவீதத்தில் மட்டும் கட்டுப்பாடு. அந்தப் பகுதிகளுக்குள்ளும் தடை மட்டும் போட்டுவிட்டு நிற்கவில்லை. அனுமதிச் சீட்டு வாங்கித் தங்குவதற்கு 300 இடங்களைக் குறித்துக் கொடுத்தார்கள், தொடக்கத்தில் ஒரு கூடாரத்துக்கு ஓர் இரவுக்கு 3 பவுண்டு. பூங்காவின் மற்ற 96 சதவீதத்தில் பழைய உரிமை அப்படியே இருந்தது. இதுவும் கூடாது என்று எதிர்த்தவர்கள் உண்டு. உரிமையை ஓரங்குலம் விட்டுக்கொடுத்தாலும் நாளை முழுவதும் போய்விடும் என்ற அவர்களுடைய கவலையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் சிறிய பரப்பு, குறிப்பிட்ட மாதங்கள், மாற்று இடம் ஆகிய மூன்றும் சேர்ந்த தடை, ஊர் முழுக்க ஆண்டு முழுக்கப் போடும் தடையைவிட எவ்வளவோ நேர்மையானது.

கழிப்பறை

கேம்பிங் திட்டத்தில் பாதி கழிப்பறைதான். உள்ளூர் மக்களின் கோபத்தில் முக்கால் பங்கு இதிலிருந்தே கிளம்பும், அதில் நியாயமும் இருக்கிறது. காட்சிமுனை, வரவேற்புப் பலகை, இணையதளம் எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதற்கு முதலில் பணம் ஒதுக்குங்கள்.

ஆளில்லாக் காட்டில் தனியாகப் போகிறவர் நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி மூடிவிட்டு வரலாம். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். தினமும் முப்பது பேர் வரும் இடத்தில் இது நடக்காது. ஒரே மாதத்தில் தோண்டப் புது இடமே இருக்காது. அங்கே கட்டிய கழிப்பறையோ, உரக்குழிக் கழிப்பறையோ, சீசனுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கும் நடமாடும் கழிப்பறையோ வேண்டும். வழக்கமாக நடக்கும் பிழை ஒன்று: கழிப்பறை இருக்கும், மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். இரவு தங்க அனுமதித்த இடத்தில் இரவு கழிப்பறை திறந்திருக்க வேண்டும்.

வேன்களின் கதை வேறு. உள்ளே கழிப்பறை இருக்கும் வண்டி ஊருக்குச் சுமையாகாது என்ற எண்ணத்தில்தான் நியூசிலாந்து 'தன்னிறைவு வாகனம்' என்ற சான்றைக் கொண்டுவந்தது. வெளியே எதையும் கொட்டாமல் மூன்று நாள் தாக்குப்பிடிக்கும் வசதி வண்டியில் இருக்க வேண்டும். தலைக்கு ஒரு நாளுக்கு 4 லிட்டர் வீதம் நல்ல தண்ணீர், கழுவிய நீரைப் பிடித்து வைக்கத் தொட்டி, கழிப்பறை, மூடியுள்ள குப்பைத் தொட்டி. தொடக்க காலத்தில் மடித்து வைக்கும் சிறிய பெட்டிக் கழிப்பறைகூடச் சான்றுக்குப் போதுமானதாக இருந்தது. அதைப் பலர் வண்டியில் வைத்துக்கொண்டு பயன்படுத்தாமலே சுற்றினார்கள். பயன்படுத்த வேண்டுமென்றால் படுக்கையைக் கலைக்க வேண்டும், நள்ளிரவில் யார் கலைப்பார்கள்? 2023 ஜூனில் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது கழிப்பறை வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், படுக்கை விரித்திருக்கும்போதும் உள்ளேயே பயன்படுத்த முடிய வேண்டும். விதி எழுதுகிறவர் மனிதர்கள் இரவில் உண்மையிலேயே எப்படி நடந்துகொள்வார்கள் என்று யோசித்தால் வரும் வாசகம் இது.

தொட்டி நிறைந்தால் கொட்டவும் ஓர் இடம் வேண்டும். வேன்களை வரவேற்கிற ஊரில் கழிவு இறக்கும் நிலையம் இல்லையென்றால் அந்தக் கழிவு மழைநீர் வடிகாலில் போய்ச் சேரும், அங்கிருந்து ஆற்றுக்கும் கடலுக்கும் போகும். நிலையம் பெரிய செலவு பிடிக்கும் கட்டுமானம் இல்லை. பாதாளச் சாக்கடையோடு இணைத்த ஒரு திறப்பு, அலசக் குழாய், பெரிய வண்டி திரும்ப இடம். குடிதண்ணீர்க் குழாயை அதிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்து, தெளிவாக எழுதிப்போட வேண்டும். சில வேன் கழிப்பறைகளில் ஊற்றும் ரசாயனம் செப்டிக் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். அதனால் சிறிய செப்டிக் தொட்டியோடு இணைக்குமுன் பொறியாளரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

நெருப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அனுமதிப்பதென்றால் இரும்பு வளையமோ கல் அடுப்போ கட்டிக் கொடுத்து, விறகையும் தளத்திலேயே விற்றுவிடுவது நல்லது, இல்லாவிட்டால் பக்கத்து மரம்தான் விறகாகும். வறண்ட நாட்களில் முழுத் தடை. இங்கிலாந்தில் கேரவன்களுக்கிடையே 6 மீட்டர் இடைவெளி கேட்பது ஒன்று எரிந்தால் அடுத்ததற்குத் தாவாமல் இருக்கத்தான். எரியும் கரியடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோனால் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொன்றுவிடும் என்பதைப் படமாகவே போட்டு வையுங்கள்.

எண்ணிக்கை, கட்டணம், முன்பதிவு

'இந்த இடம் எத்தனை பேரைத் தாங்கும்?' என்று எல்லோரும் ஒரே எண்ணைக் கேட்பார்கள். அப்படி ஓர் எண் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர்கள் 1985இல் கேள்வியையே மாற்றிப் போட்டார்கள்: எத்தனை பேர் என்று கேட்காதீர்கள், எவ்வளவு மாற்றம் வரை ஏற்றுக்கொள்வோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். புல் போன திட்டுகள் இத்தனைக்கு மேல் கூடாது, காலை எட்டு மணிக்குத் தொட்டிக்கு வெளியே குப்பை கிடக்கக் கூடாது, உள்ளூர்க்காரருக்கு இத்தனை வண்டியிடமாவது காலியாக இருக்க வேண்டும் என்பது போல, அளந்து பார்க்கக்கூடிய சில குறியீடுகளை வைத்துக்கொள்ள வேண்டும். எல்லை தாண்டினால் என்ன செய்வோம் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அப்போது எண்ணிக்கையைக் குறைக்கும் முடிவு யாருடைய கோபத்தாலும் வந்ததாக இருக்காது.

எத்தனை இரவு என்பதற்கும் எல்லை தேவை. குறுகிய எல்லை வைத்தால் இடம் சுழன்றுகொண்டே இருக்கும். அமெரிக்கத் தேசியக் காடுகளில் பொதுவாக 14 நாள் வரை விடுகிறார்கள், காரணம் பரப்பு பெரிது. கடற்கரை மைதானத்தில் இரண்டு மூன்று இரவே போதும்.

கட்டணம் வாங்கலாமா? கழிப்பறையைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும். அதை முழுக்க உள்ளூர் வரியிலிருந்து கொடுத்தால் விருந்தாளியின் செலவை வீட்டுக்காரர் மட்டும் சுமப்பதாகும். சிறு கட்டணம் நியாயமானது. வசூலிக்கும் செலவு வசூலைவிடக் கூடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கட்டணம் எதற்குப் போகிறது என்று அங்கேயே எழுதி வைக்க வேண்டும். முன்பதிவில் இன்னொரு தொல்லை உண்டு: பதிவு செய்துவிட்டு வராமல் இருப்பவர்கள். இலவசப் பதிவென்றால் இது மிக அதிகம். சிறிய தொகையாவது வாங்குவது, மாலை குறிப்பிட்ட நேரத்துக்குள் வராத இடத்தை வாசலில் நிற்பவருக்குக் கொடுப்பது, எளிதாக ரத்து செய்ய வழி வைப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் காலி இடங்கள் குறையும். இணையம் இல்லாதவர்களுக்கும் வழி தெரியாமல் மாலையில் வந்து சேர்கிறவர்களுக்கும் சில இடங்களை ஒதுக்கியே வைத்திருக்க வேண்டும்.

பலகையைவிட ஆள் பேசுவது மேல்

அபராதத்துக்கு மிரட்டல் மதிப்பு உண்டு. நியூசிலாந்தில் 2011இல் 200 டாலராக இருந்தது, இப்போது 800 டாலர் வரை போகும். ஆனால் அபராதச் சீட்டோடு காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டும்போது தவறு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. மாலை ஐந்திலிருந்து எட்டுக்குள், வண்டிகள் இடம் தேடும் நேரத்தில், சீருடை போட்ட ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து பேசினால் அந்தத் தவறே நடக்காமல் போகலாம்.

அந்த உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும். "இங்கே ராத்திரி நிற்க அனுமதி இல்லைங்க." "அப்படியா, செயலியில் போட்டிருந்ததே." "பழைய தகவல் அது. உங்கள் வண்டியில் கழிப்பறை இருக்கா?" "இல்லை." "அப்போ ஆற்றுப்பாலம் தாண்டி இடப்பக்கம் ஒரு மைதானம், கழிப்பறை ராத்திரியும் திறந்திருக்கும், இப்போ ஒன்பது இடம் காலி." கையில் ஒரு வரைபடம். அவ்வளவுதான். அந்த ஊழியரிடம் அந்தக் கடைசிப் பதிலும் வரைபடமும் இல்லாமல் போனால் அவர் வெறும் விரட்டுகிறவர் ஆகிவிடுவார். பயணி சரியென்று தலையாட்டிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பி வருவார்.

செயலிகளைத் திட்டிப் பயனில்லை. பயணிகள் அங்கேதான் பார்க்கிறார்கள், ஆகவே உள்ளாட்சியின் தகவலும் அங்கே இருக்க வேண்டும். தவறான இடங்களை நீக்கச் சொல்லி எழுதுங்கள், சரியான இடங்களைப் படத்தோடு கொடுங்கள், நிலவரம் மாறினால் அன்றே மாற்றுங்கள். வேன் வாடகைக்கு விடும் நிறுவனங்களிடம் உங்கள் ஊர் வரைபடம் போய்ச் சேர்ந்தால், சாவி வாங்கும் இடத்திலேயே பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துவிடும். பலகைகளில் எழுத்தைக் குறைத்துக் குறிப்படங்களைக் கூட்டுங்கள். வருகிறவர் எந்த மொழிக்காரர் என்று யாருக்குத் தெரியும்?

யாரையெல்லாம் கேட்க வேண்டும்

அருகில் குடியிருப்பவர்கள், தனியார் முகாம் தளம் நடத்துகிறவர்கள், கடைக்காரர்கள், தீயணைப்புத் துறை, அந்த நிலத்தோடு தலைமுறைகளாக உறவுள்ள பூர்வகுடியினர். கடைசியில் சொன்னவர்களைத்தான் பெரும்பாலும் கடைசியில் கேட்கிறார்கள், அதுவும் வரைபடம் அச்சான பிறகு. ஓர் இடம் புதைகாடா, வழிபடும் இடமா என்பது நில ஆவணத்தில் இருக்காது, அவர்களுக்குத்தான் தெரியும். முகாம் தள உரிமையாளர்கள் 'நாங்கள் உரிமம் வாங்கிக் கழிப்பறை கட்டி வைத்திருக்கிறோம், பக்கத்திலேயே இலவசமாக இடம் கொடுத்தால் எப்படி?' என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. இலவச இடத்தில் மின்சாரமோ குளியலறையோ வைக்காமல், ஓரிரு இரவோடு நிறுத்திக்கொண்டால் இரண்டும் வேறு வேறு தேவைக்கு என்று ஆகிவிடும்.

வேனிலோ கூடாரத்திலோ இருக்கிற எல்லோரும் சுற்றுலாப் பயணிகள் அல்லர். வாடகை கொடுக்க வழியில்லாமல் அப்படி வாழ்கிறவர்களும் அதே மைதானத்தில் இருப்பார்கள். அவர்கள் மேல் கேம்பிங் அபராதம் போடுவது கொடுமை, அதனால் எதுவும் தீராது. நியூசிலாந்தின் 2023 திருத்தம், தங்க வீடில்லாத நிலையில் இருப்பவர்களை ஃப்ரீடம் கேம்பிங் என்ற வரையறையிலிருந்தே விலக்கியது. மற்ற ஊர்களும் இந்த வேறுபாட்டை விதியிலேயே எழுதிவிட வேண்டும். ஊழியர் கையில் அபராதப் புத்தகத்தோடு வீட்டுவசதி உதவி எண்ணும் இருக்க வேண்டும். களைப்பில் சாலையோரம் இரண்டு மணி நேரம் கண்ணயரும் ஓட்டுநரும் கேம்பிங் செய்கிறவர் ஆக மாட்டார். அவரைத் தட்டி எழுப்பி ஓட்டச் சொல்வது விபத்தை அழைப்பதாகும்.

முதல் ஆண்டிலேயே எல்லாவற்றையும் செய்ய முடியாது, தேவையும் இல்லை. சீசனுக்கு ஆறேழு மாதம் முன்பே நெரிசலான இரண்டு மூன்று இடங்களை எடுத்துக்கொண்டு தொடங்கலாம். எங்கே தடை, எங்கே அனுமதி, எத்தனை இரவு என்று ஒரே தாளில் வரைபடம் போடுங்கள். அனுமதித்த இடத்தில் கழிப்பறையும் தண்ணீரும் வந்த பிறகே தடைப் பலகையை நடுங்கள், இந்த வரிசை தலைகீழானால் மறுபடி பழைய கதைதான். சீசனில் வாரம் ஒருமுறை இரவு வண்டிகளை எண்ணுங்கள், அடுத்த நாள் காலை குப்பையையும் தேய்ந்த தரையையும் அதே கோணத்தில் படமெடுங்கள். சீசன் முடிந்ததும் ஊர்க்காரரையும் பயணிகளையும் ஒரே அறையில் உட்கார வைத்து அந்தப் படங்களைக் காட்டுங்கள். எந்த இடத்தை அடுத்த ஆண்டு ஓய்வுக்கு விடுவது, அதற்குப் பதிலாக எதைத் திறப்பது என்ற முடிவை அந்தக் கூட்டத்திலேயே எடுத்து, புது வரைபடத்தைத் தேதியோடு வெளியிடலாம்.